ரத்தமும் ஆபாசமும் இல்லாவிட்டால் கேம் ருசிக்காதா?

விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன். அவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிகிறார். கணவருக்கு வளைகுடா நாடொன்றில் வேலை. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் 15 வயது மகன், 9 வயது மகள், மாமியார். சென்ற விடுமுறைக்கு வந்த கணவர் மகனுக்காக பிளேஸ்டேஷன் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து, அதற்குரிய கணக்கைத் தம்முடைய பிறந்த ஆண்டைக் கொடுத்துத் தொடங்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மகன் அதில் பெரும்பாலும் ஜி.டி.ஏ. 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற ஆட்டத்தை ஆடுகிறான், இடையிடையே காற்பந்து ஆட்டமும் உண்டு. ஒரு நாள் தாய் அறைக்குள் நுழைந்தபோது, திரையில் அவன் ஓட்டிய கார் நடைபாதையில் ஏறி ஒரு பெண்ணை மோதித் தள்ளியது, அவன் சிரித்தான். இன்னொரு நாள் மகள், பாட்டி காதுபட ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையைச் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

இதற்காக மகனைக் கண்டித்தபோது அவன் சொன்ன பதில்தான் அவரைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது: “அதெல்லாம் இல்லன்னா கேம் உப்புச் சப்பில்லாம இருக்கும்மா. அது இல்லாதது சின்னப் பிள்ளையளுக்குள்ள கேம்.” கணவரிடம் முறையிட்டால், “ஆம்பளப் பிள்ளதானே, விளையாடட்டும்” என்று பேச்சை முடித்துவிடுகிறாராம். மகன் சொல்வது உண்மையா, இந்த ஆட்டம் அவனை வன்முறைக்குப் பழக்கிவிடுமா, 15 வயதுப் பையன் இதை ஆடுவது சட்டப்படி குற்றமா, இரவு 12 மணிக்கு மேல் ஆடத் தமிழ்நாட்டில் தடை இருப்பதாகச் சொல்கிறார்களே அது இதற்கும் பொருந்துமா, அவன் அடிமையாகிவிட்டானா, கருவியை விற்றுவிடலாமா என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார். நடுவில் ஒரு வரி: “எங்கள் காலத்தில் கோயில் கொடைக்குப் போவோம், விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்போம், இந்த மாதிரிக் கொடூரம் எதிலும் இருந்ததில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னதை எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொண்டு வருந்தியிருக்கிறீர்கள். எனக்கு அது முறையாகப் பதில் சொல்லத்தக்க ஒரு கருத்தாகவே படுகிறது. ஓர் ஆட்டம் ருசிப்பதற்கு ரத்தமும் கொலையும் எந்த அளவுக்குத் தேவை என்ற அதே கேள்வியை உளவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள், சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி ஆகிய மூவர் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பொருந்துகிறது. ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை அவர்கள் இரண்டு வடிவங்களில் மாற்றியமைத்தார்கள். ஒன்றில் சுடப்பட்ட எதிராளி வழக்கம்போல் ரத்தம் சிந்திச் சாவார். மற்றொன்றில், தொட்டுப்பிடித்து விளையாடுவதைப் போல, அகப்பட்ட எதிராளி வலியில்லாமல் மிதந்து மறைந்துவிடுவார். ஓட்டம், பதுங்கல், குறி பார்த்தல், வெற்றி, தோல்வி எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. ஆடியவர்கள் அடைந்த மகிழ்ச்சியில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. திறமை கூடிக்கொண்டே போகிறது என்ற உணர்வும், தன் விருப்பப்படி செயல்படும் சுதந்திரமும்தான் மகிழ்ச்சியைத் தீர்மானித்தன என்று அவர்கள் கண்டார்கள். கூட ஆடுபவர்களின் நட்பையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதே ஆய்வாளர்களின் முந்தைய ஆய்வொன்றின் முடிவு. 2009 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: இயல்பிலேயே முரட்டுக் குணம் கூடுதலாக உள்ளவர்கள் வன்முறை ஆட்டங்களே தங்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னார்களே தவிர, ஆடிப் பார்த்தபோது வன்முறையால் அவர்களுக்கும் கூடுதல் மகிழ்ச்சி கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுத் திரைக்குத் திரும்புவோம். ஜி.டி.ஏ. 5 மோசமான உள்ளடக்கம் கொண்ட ஆட்டம் என்பதில் ஐயமில்லை; கொடூர வன்முறை, நிர்வாணம், பாலியல் காட்சிகள், போதைப்பொருள், கெட்ட வார்த்தை என்று அத்தனை எச்சரிக்கைகளையும் தாங்கி, ஐரோப்பாவில் 18 வயதுக்கும் அமெரிக்காவில் 17 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு என்ற முத்திரையோடு 2013-இல் வெளிவந்தது. ஆனால் மகனிடம், கடைசி ஒரு மணி நேரத்தில் அதில் என்ன செய்தான் என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். காரில் ஊரைச் சுற்றியதையும், விமானத்தைக் கீழே விழாமல் இறக்கப் பழகியதையும், மலையுச்சியிலிருந்து பாராசூட்டில் குதித்ததையும், நண்பனோடு பைக் பந்தயம் விட்டதையும்தான் அவன் கூடுதலாகச் சொல்வான் என்று என் ஆலோசனை அனுபவத்திலிருந்து எதிர்பார்க்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரை மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய அந்தப் பெரிய ஊரில் தடுப்பாரின்றித் திரியும் சுதந்திரமே அந்த ஆட்டத்தின் ருசி. ஆபாசம் அதன்மேல் தூவப்பட்டது. பத்தாம் வகுப்பில் பள்ளி, டியூஷன், மறுபடி டியூஷன் என்று ஓடும் ஒரு பையனுக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சந்தையும் அவன் வாதத்தைத் தாங்கவில்லை. தனி ஆட்டமாக உலகில் மிக அதிகம் விற்ற மைன்கிராஃப்ட், 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளைக் கடந்துவிட்டது; அதில் வாளும் பூதமும் உண்டு, ரத்தம் இல்லை. ஜி.டி.ஏ. 5-க்கு அடுத்த இடம்தான். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய டெட்ரிஸில் மனித உருவமே கிடையாது. விழும் கட்டைகளை அடுக்குவதைத் தவிர ஒன்றும் நடக்காத அந்த ஆட்டத்தை 40 ஆண்டுகள் கழித்தும் ஆடுகிறார்கள். ‘தி கேம் அவார்ட்ஸ்’ என்ற விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாக 2021-இல் தேர்வான ‘இட் டேக்ஸ் டூ’ பதின்வயதினருக்கு உரியது. 2024-இல் தேர்வான ‘ஆஸ்ட்ரோ பாட்’ 10 வயதுப் பிள்ளைக்கும் ஏற்றது. 2020-இலும் 2023-இலும் அதே விருதைப் பெற்றவை பெரியவர்களுக்கான ஆட்டங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் மகன் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

அவன் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் பழைய சான்று ஒன்றும் இருக்கிறது. 1992-இல் வந்த ‘மார்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை ஆட்டம் அடுத்த ஆண்டு வீட்டுக் கருவிகளுக்கு மாற்றப்பட்டபோது, நின்டெண்டோ பதிப்பில் ரத்தம் சாம்பல் நிற வியர்வையாகிவிட்டது; செகா பதிப்பில், பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ரத்தம் தெரியும்படி விட்டுவைத்தார்கள். கூடுதலாக விற்றது செகா பதிப்பு. அந்தச் சர்ச்சை அமெரிக்க செனட் விசாரணை வரை போய், 1994-இல் இ.எஸ்.ஆர்.பி. என்ற தரநிர்ணய வாரியம் பிறக்கக் காரணமாயிற்று. ஆக, ரத்தம் விற்கும் என்பது மெய். பெரியவர்கள் மறைத்துவைப்பதைப் பார்க்கும் ஆவலும், அதைப் பார்த்துவிட்டோம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமையும் ஓர் ஆட்டத்தை வாங்கவைக்கும். அந்த ஆவல் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் ஆடவைப்பதற்கு ஆட்டம் நன்றாக அமைந்திருக்க வேண்டும்.

அவன் பதிலின் இரண்டாம் பாதியை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் தனக்கு வேண்டாம் என்கிறான். பதினைந்து வயதில் ஒருவன் எதைக் கேட்டாலும், தான் வளர்ந்துவிட்டதை வீடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை அதற்குள் இருக்கும். 18 என்ற எண் பொறித்த ஆட்டம் அவனுக்கு அதற்கான சான்றிதழ் போலத் தோன்றுகிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு தங்கைக்கு ஏற்ற ஆட்டத்தை அவன் கையில் கொடுத்தால், பறிபோன ஆட்டத்தைவிடப் பறிபோன மரியாதைக்காகவே அவன் சண்டை போடுவான்.

வில்லுப்பாட்டில் கொடூரம் இல்லையா?

உங்கள் கடிதத்தில் என்னால் ஒப்புக்கொள்ள முடியாத வரி அந்த வில்லுப்பாட்டு வரிதான். நம் குமரி மாவட்டத்தில் கொடைகளில் பாடப்படும் கதைகளை நினைத்துப் பாருங்கள். கள்ளியங்காட்டு நீலி கதையில், தன்னை நம்பி வந்த பெண்ணை நகைக்காகக் கொல்கிறான் ஒருவன். அவள் பேயாகத் திரும்பி வந்து பழி தீர்க்கிறாள். மாடன் கதைகளில் துரோகமும் வெட்டும் குத்தும் பலியும் நிறைந்திருக்கின்றன. பாட்டியின் மடியில் பாதித் தூக்கத்தில் அவற்றைக் கேட்டு வளர்ந்த நாம் யாரும் கொலைகாரர்களாகவில்லை. அந்தக் கதைகளில் கொலையை நீக்கிவிட்டால் நீலியின் கோபத்துக்குப் பொருளே இருக்காது. அங்கே கொடூரம் கதைக்கு உயிர்நாடி.

வீடியோ விளையாட்டிலும் அப்படிப்பட்டவை உண்டு. 2013-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு தந்தை தன் மகளைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுக்கிறான். அந்த இழப்பின் கனம் தெரியாவிட்டால் பின்னால் அவன் செய்பவை எதுவும் விளங்காது. போலந்தில் உருவாகி 2014-இல் வெளிவந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’, முற்றுகைக்குள் அகப்பட்ட ஊரில் உணவும் மருந்தும் தேடி அலையும் சாதாரண மக்களின் கதை. பக்கத்து வீட்டு முதியவரின் மருந்தைத் திருடினால்தான் நம் ஆள் பிழைப்பார் என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம் அது. போலந்து அரசு 2020-இல் அதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது; அதுவும் 18 வயது நிரம்பிய மாணவர்களுக்கு. ஆகவே வயது வந்தோருக்கான உள்ளடக்கம் எல்லாமே மலிவான சரக்கு என்ற உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். மறுபக்கத்தில், கனமான பொருளைப் பேச ரத்தம் வேண்டியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2018-இல் வந்த ‘செலஸ்டே’, மனப்பதற்றத்தோடு போராடும் ஒரு பெண் மலையேறும் கதை. 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடலாம் என்ற தரம் பெற்றது, ஆனால் பெரியவர்களே கைவிட்டு எழுந்துவிடும் அளவுக்குக் கடினமானது.

வில்லுப்பாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொடையில் நம்மைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. யார் செய்தது அநியாயம் என்பதைப் புலவரின் குரலே சொல்லிவிடும். உங்கள் மகனோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான், கதையைக் கேட்காமல் தானே பொத்தானை அழுத்திச் செய்கிறான், ஜி.டி.ஏ.வில் நியாயத்தைச் சொல்லும் குரல் அனேகமாக இல்லை, இருப்பது எகத்தாளக் குரல்தான். நீங்கள் செய்யவேண்டிய வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சிரிப்பும் உங்கள் பயமும்

கார் மோதியபோது அவன் சிரித்ததை நீங்கள் மறுபடி மறுபடி எழுதியிருக்கிறீர்கள். வன்முறை ஆட்டத்தால் பிள்ளைகள் வன்முறையாளர்களாகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் பெரிய ஆதரவு தரவில்லை. பிரிட்டனில் 14, 15 வயதினரான சுமார் 1000 பேரையும் அவர்களுடைய பெற்றோர்களையும் வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை ஆட்டங்களுக்கும் பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம் சற்று வேறு மாதிரி: கத்துவது, தள்ளுவது போன்ற நடத்தைகளோடு சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது, ஆனால் கொலை போன்ற பெரும் வன்முறைக்கு இந்த ஆட்டங்களைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்கிறது அது. அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் உங்கள் மகன் குற்றவாளியாகிவிடுவான் என்று அவர்களில் எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

பொம்மை உருவம் கோணல்மாணலாகத் தூக்கியெறியப்படுவதைக் கண்டு வரும் சிரிப்பு வேறு. அடிபடுபவர் பெண் என்பதால் வரும் சிரிப்பு வேறு. எது என்று அவனிடம் கேட்டால்தான் தெரியும். வெளிப்படையாகச் சொன்னால், எனக்கு அந்த ஆட்டத்தின் ரத்தத்தைவிட அதில் பெண்கள் காட்டப்படும் விதம்தான் கூடுதல் கவலை தருகிறது. ஆடை களையும் நடனக் கூடம், காசு கொடுத்தால் காரில் ஏறும் பெண்கள் என்று கேலிக்கும் நுகர்வுக்கும் உரியவர்களாகவே அவர்கள் பெரும்பாலும் வருகிறார்கள். வீதியில் காரை மோதவிடக் கூடாது என்பது 15 வயதுப் பையனுக்கு நன்றாகத் தெரியும். பெண்ணுடலைப் பற்றியும் ஆண்-பெண் உறவைப் பற்றியும் அவனுக்கு இன்னும் எதுவும் திடமாகத் தெரியாது, வீட்டிலும் பள்ளியிலும் யாரும் பேசுவதும் இல்லை; அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து உட்காருவது நிலைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. “ஆம்பளப் பிள்ளதானே” என்று உங்கள் கணவர் சொல்லும் காரணமே, எனக்கு இந்த ஆட்டத்தைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாகப் படுகிறது.

சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரைப்படத்துக்கு இருப்பதைப் போல வீடியோ விளையாட்டுகளுக்கென்று அரசுத் தணிக்கை வாரியம் நம் நாட்டில் இல்லை. பெட்டியிலும் இணையக் கடையிலும் காணப்படும் வயது எண்கள் வெளிநாட்டுத் தரநிர்ணய அமைப்புகள் தந்தவை. மதிக்கத்தக்கவை, ஆனால் அவற்றை மீறியதற்காக உங்கள் மகன்மீதோ கணவர்மீதோ வழக்கு வராது. நீங்கள் கேள்விப்பட்ட நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரையிலான தடை, ரம்மி போன்ற பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்காகத் தமிழ்நாடு 2025-இல் கொண்டுவந்த விதி. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையப் பண விளையாட்டுகளையே தடை செய்கிறது. விலை கொடுத்து வாங்கிய ஓர் ஆட்டத்தை வீட்டில் ஆடுவது இவற்றுக்குள் வராது. இரவு 12 மணிக்கு அவன் தூங்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தின் துணை எதற்கு? தாயின் சொல் போதும்.

சட்டம் உங்களுக்கு உண்மையாகவே துணைவரும் இடம் வேறொன்று. ஆட்டத்தில் அறிமுகமான யாராவது அவனிடம் படம் அனுப்பச் சொன்னாலோ, ஆபாசமாகப் பேசினாலோ, மிரட்டினாலோ, அது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும். 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அவனுக்கே தெரியப்படுத்தி வையுங்கள். சொன்னால் கருவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் இத்தகைய விஷயங்களை மறைத்துவிடுகிறார்கள். ஆகவே, சொன்னால் பிடுங்கமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்.

முத்திரையில் தெரியாதவை

உங்கள் கடிதத்தில் மிகவும் கவலைக்குரிய செய்தி, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஒன்று: தந்தையின் பிறந்த ஆண்டில் தொடங்கப்பட்ட கணக்கு. அந்தக் கருவியைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருப்பவர் நடுத்தர வயது ஆண். அதனால் வயதுக்கு மீறிய ஆட்டத்தைத் தடுப்பது, அந்நியர்களோடு பேசுவதைக் கட்டுப்படுத்துவது, மாதச் செலவுக்கு வரம்பு வைப்பது ஆகிய பாதுகாப்புகளில் ஒன்றுகூட இயங்காது.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு யாரோடு பேசுகிறான் என்று கேட்டிருக்கிறீர்களா? வகுப்பு நண்பர்களோடு என்றால் நல்லது. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில், மாலையில் மணலில் பந்தாடிவிட்டு இரவில் அதே கூட்டமாக ஆன்லைனில் சேர்ந்துகொள்ளும் பையன்களை நான் அறிவேன். அவர்களுக்கு அது நட்பின் நீட்சிதான். முன்பின் தெரியாத பெரியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்றால் கதை வேறு. இணையத்தில் நடக்கும் உரையாடல்களுக்குத் தாம் தரம் வழங்குவதில்லை என்று இ.எஸ்.ஆர்.பி. வாரியமே எழுதிவைத்திருக்கிறது. மகள் கற்றுக்கொண்ட வார்த்தை ஆட்டத்தின் வசனத்திலிருந்தும் வந்திருக்கலாம், இந்த ஆன்லைன் பேச்சுக்கு மறுமொழி சொன்ன அண்ணன் வாயிலிருந்தும் வந்திருக்கலாம்.

“நல்லவேளையாகக் காற்பந்தும் ஆடுகிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ரத்தமும் இல்லை, ஆபாசமும் இல்லை. எல்லாருக்கும் ஏற்றது என்று தரம் பெற்றவைதான் அந்த ஆட்டங்கள். ஆனால் அவற்றில் சிலவற்றில், எந்த வீரர் கிடைப்பார் என்று தெரியாமலே காசு கொடுத்து அட்டைப் பொதிகளைத் திறக்கும் ஏற்பாடு உண்டு. இத்தகைய விற்பனை சூதாட்டச் சட்டத்துக்கு முரணானது என்று பெல்ஜிய நாட்டு ஆணையம் 2018-இல் முடிவு செய்ததால், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே ஃபிஃபா ஆட்டத்துக்கான அந்த விற்பனை நிறுத்தப்பட்டது. உங்கள் வங்கி அட்டையோ யுபிஐயோ அந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

என்ன செய்யலாம்?

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. விற்றுவிடுவது முதல் வழி. அப்படிச் செய்தால் அவன் இதே ஆட்டத்தை நண்பன் வீட்டில் ஆடுவான். அங்கே எட்டிப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். தந்தை ஆசையாகக் கொண்டுவந்த பொருளை அம்மா விற்றுவிட்டார் என்ற மனக்குறை வேறு, தொலைவில் வாழும் ஒரு குடும்பத்தில் தேவையில்லாத விரிசலை உண்டாக்கும். இப்படியே விட்டுவிடுவது இரண்டாவது. 9 வயதுச் சிறுமி இருக்கும் வீட்டில் அதை நான் ஏற்கமாட்டேன். கருவியை வைத்துக்கொண்டு, இந்த ஓர் ஆட்டத்தைத் தள்ளிப்போடுவது மூன்றாவது வழி. வீட்டில் சண்டை மிகுதியாக வரும் வழியும் அதுதான், இருந்தும் அதையே பரிந்துரைக்கிறேன்.

முதலில் ஒரு சனிக்கிழமை மாலை அவன் பக்கத்தில் உட்காருங்கள். “மக்ளே, இதுல நீ என்ன செய்யுத, எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். ரிமோட்டை வாங்கி நீங்களும் ஓட்டிப் பாருங்கள். அவனுக்கு எது பிடித்திருக்கிறது, சுற்றுவதா, பந்தயமா, நண்பர்களா என்று தெரிந்த பிறகே முடிவைச் சொல்லுங்கள். அந்நியர்கள் கலந்துகொள்ளும் ஆன்லைன் ஆட்டம் உடனே நிற்க வேண்டும். இதில் பேரம் வேண்டாம். ஜி.டி.ஏ. எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஒரு வயதைக் குறித்துச் சொல்லுங்கள். காலவரையின்றி மறுப்பதைவிடத் தேதி சொல்லி மறுப்பதைப் பதின்வயதினர் எளிதாக ஏற்பார்கள். என்னைக் கேட்டால் 18 என்பேன். தந்தையோடு பேசி 17 என்று முடிவானாலும் நான் பதறமாட்டேன்.

அதற்கு ஈடாக அவனுக்குக் கடினமான ஆட்டத்தைக் கொடுங்கள். கார்களைக் கொண்டு காற்பந்தாடும் ‘ராக்கெட் லீக்’, வேகமும் நுட்பமும் போட்டியும் நிறைந்தது. நண்பர்களோடு அணி சேர்ந்து ஆடலாம். தன் திறமையைக் காட்ட விரும்புபவனுக்கு ‘செலஸ்டே’ போதும் போதும் என்றாகிவிடும். தங்கையோடும் உங்களோடும் சேர்ந்து சமையலறையில் அல்லாடுவதற்கு ‘ஓவர்குக்டு’ இருக்கிறது. மாமியாரையும் உட்கார வைத்துப் பாருங்கள், அடுப்பு பற்றி எரியும்போது வீடே சத்தம் போடும். கருவியை அறையிலிருந்து எடுத்து முன்னறைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டால், பாதிக் கண்காணிப்பு தானாக நடந்துவிடும்.

அடிமைத்தனம் பற்றிய அச்சத்துக்கும் பதில் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள வரையறைப்படி, ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாகிவிடுவது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாக 12 மாத காலமாவது நீடித்து, படிப்பையும் உறவையும் பாதித்திருந்தால்தான் அதைக் கோளாறு என்பார்கள். படித்து முடித்து இரவில் இரண்டு மணி நேரம் ஆடுகிறான், மதிப்பெண் குறையவில்லை, நண்பர்களோடு மைதானத்துக்கும் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை அடிமைத்தனம் என்று சொல்ல முடியாது. தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, நிறுத்தச் சொன்னால் பொருள்களை உடைப்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது என்று மாறினால், ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கடைசியாக உங்கள் கணவரிடம் சொல்லவேண்டியது. பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியில், தம் கணக்கின்கீழ் ஒரு புதிய கணக்கை அவர்தான் தொடங்கித் தர வேண்டும். பழைய கணக்கில் சேமித்துவைத்த முன்னேற்றம் புதியதற்குப் பெரும்பாலும் வராது. அது மகனுக்கு உண்மையான இழப்பு என்பதால், அதை மறைக்காமல் அப்பாவே அவனிடம் சொல்லட்டும். இதற்காக அவருடைய அடுத்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டாம். வயது, செலவு, உரையாடல் ஆகியவற்றுக்கான வரம்புகளை அவர் அங்கிருந்தபடியே இணையத்தின் வழியாக அமைத்துவிட முடியும்.